நாச்சுவைக்கு ஓர் எல்லை



மனிதனுக்கு வாய்த்த பொறிகள் ஐந்து. கண்ணுக்குக் காண்டல், செவிக்குக் கேட்டல், மூக்கிற்கு முகர்தல், மெய்க்கு உணர்தல் என நான்கிற்கும் தொழில் ஒவ்வொன்றே. நாவிற்கு மட்டும் தொழில் இரண்டு. ஒன்று பேசுதல், மற்றொன்று சுவைத்தல். பேசும் நாவைக் காக்கும் வழியை நாம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். சுவைக்கும் நாவைக் காக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறோமா? 'அதைத் தின்னாதே, இதைத் தொடாதே' என்று அதட்டுகிறோம். அதட்டுதல் வேறு, கற்பித்தல் வேறு. முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்னரும் இவ்வேறுபாட்டை எம் இல்லத்துப் பிள்ளையிடம் யாம் மறந்துபோனோம். அம்மறதியால் விளைந்ததையும், அதிலிருந்து கற்றதையுமே இங்குப் பாடமாக எழுதுகிறோம்.

பாடம் தொடங்குமுன் அதன் நோக்கத்தை எழுத வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. இப்பாடத்தின் நோக்கங்கள் மூன்று: நொறுக்குத்தீனிப் பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது என்று அறிதல்; பிறர் இடும் தடைக்கும் தானே ஏற்கும் நியமத்திற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்; இல்லத்தில் இன்றே தொடங்கத்தக்க எளிய பயிற்சியைக் கைக்கொள்ளல்.

யாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எம் மகன் வயிற்றுப் பேரன் எம்முடன் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்துவந்தான். அவன் தந்தைக்கு 41ஆம் வயதிலேயே நீரிழிவு கண்டிருந்தது. 'குடும்பத்தில் இந்நோய் உள்ளது. பிள்ளையின் உணவிலும் கவனம் தேவை' என்று மருத்துவர் கூறிய நாள்முதல் எம் உள்ளத்தில் அச்சம் குடிகொண்டது. பேரனோ உறையில் அடைத்த வறுவல், கிரீம் பிஸ்கட், குளிர்பானம் ஆகியவற்றில் பெருவிருப்புடையவன்.

அஞ்சியவர் செய்வதையே யாமும் செய்தோம். பொட்டலத் தீனி எதுவும் வீட்டினுள் நுழையலாகாது என்று ஆணையிட்டோம். கைச்செலவிற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினோம். விருந்தினர் வாங்கிவந்த பிஸ்கட்டைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம். இரண்டு மாதம் வீடு அமைதியாக இருந்தது. 'இன்று ஏதும் தின்றாயா?' என்று நாள்தோறும் கேட்டோம். 'இல்லை பாட்டி' என்று நாள்தோறும் விடை வந்தது. எம் கண்டிப்பு பலித்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்துத் துப்புரவு செய்தபோது, பரண்மேல் இருந்த எம் பழைய புத்தகப் பெட்டியை இறக்கித் திறந்தோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்துக் குறிப்பேடுகளுக்கு அடியில், நான்காக மடித்து ரப்பர் வளையம் இட்ட வெற்று உறைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தோம், 23. காய்கறி வாங்கக் கொடுத்த பணத்தில் மீதியைக் குறைத்துச் சொல்லி அவற்றை வாங்கியிருக்கிறான் என்பது பின்னர்த் தெரிந்தது.

"ஏன் கண்ணா, எங்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றோம்.

"கேட்டா தரமாட்டீங்க பாட்டி. சாப்பிட்டேன்னு சொன்னா திட்டுவீங்க. அதனாலதான் சொல்லலை" என்றான். அவன் குரலில் எதிர்ப்பு இல்லை, உண்மையே இருந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. யாம் விலக்கியது ஒரு தீனியை. வளர்த்தது ஒரு பொய்யை. வாய்மையும் கள்ளாமையும் அணுவிரதங்கள் ஐந்தனுள் அடங்குவன. நாவின் ஒரு தொழிலைக் காக்கப் போய், அதன் மற்றொரு தொழிலைக் கெடுத்துவிட்டோம். பிள்ளை பொய் சொன்னான் என்பதைவிட, பொய்யின்றி அவன் எம்முடன் வாழ இயலாதபடி வீட்டை அமைத்தவர் யாமே என்பதே எம்மை வருத்தியது.

பசியா, பழக்கமா?

பொங்கல் கழிந்ததும் அவனை அழைத்து, 'தண்டனை ஏதும் இல்லை. ஒரு வாரத்திற்குக் கணக்கு மட்டும் எழுது' என்றோம். கைச்செலவிற்குச் சிறிது பணமும் கொடுத்தோம். ஒரு தாளில் நான்கு பத்திகள்: தின்ற நேரம், இடம், உடனிருந்தவர், வயிற்றில் பசி இருந்ததா, இல்லையா. தின்ற பண்டத்தின் பெயரைக்கூட எழுதச் சொல்லவில்லை.

வாரம் முடிந்தபோது தாளில் 9 வரிகள் இருந்தன. அவற்றுள் 6, பள்ளி விட்டுத் தனிப்பயிற்சி வகுப்பிற்குச் செல்லும் இடைவேளையில், மாலை 5 மணியை ஒட்டி, ஒரே கடைவாயிலில், அதே இரு நண்பர்களுடன். ஆறிலும் 'பசி உண்டு' என்று எழுதியிருந்தான். எஞ்சிய 3, விடுமுறை நாளில் தொலைக்காட்சியின் முன். மூன்றிலும் 'பசி இல்லை' என்று எழுதியிருந்தான்.

இச்சிறு தாள் எம் கண்ணைத் திறந்தது. ஒன்றே என்று யாம் எண்ணிய குற்றம் உண்மையில் இரண்டு. ஒன்று பசி, மற்றொன்று பழக்கம். இரண்டிற்கும் மருந்து ஒன்றாக இருத்தல் இயலாது.

முதலில் பசியைக் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 2860 கிலோகலோரியும் பெண்பிள்ளைக்கு 2400 கிலோகலோரியும் வேண்டும். உட்கார்ந்து பணிபுரியும் வளர்ந்த ஆணுக்கு வேண்டுவது 2110. அதாவது, அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் தந்தையைவிட ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு உணவு மிகுதியாக வேண்டும். அவன் அடிக்கடி பசிக்கிறது என்று சொல்வது பெருந்தீனி வேட்கை அன்று. எலும்பும் தசையும் வளர்வதன் குரல்.

எம் பேரன் பகல் 12.30 மணிக்கு உண்பான், இரவு 7.45 மணிக்கு வீடு திரும்புவான். ஏழு மணி நேரத்திற்கு மேலாக அவனுக்கு நாம் அளித்த உணவு ஏதும் இல்லை. வீட்டில் முதியோராகிய யாம் பொழுது சாயுமுன் உண்டு முடித்துவிடுவோம். நம் உணவு வேளைக்கும் பிள்ளைகளின் கல்வி வேளைக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அப்பள்ளத்தில்தான் கடைகள் முளைத்திருக்கின்றன. இரவுண்ணாமை மேற்கொண்ட இல்லங்களில் இப்பள்ளம் இன்னும் ஆழமானது. கிழங்கு விலக்கிய இல்லத்துப் பிள்ளையும் கடைவாயிலில் நின்று உருளைக்கிழங்கு வறுவல் தின்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அறத்தில் பற்றின்மை அன்று.

ஆதலின் மறுநாள் முதல் இரண்டாவது உணவுப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினோம். சில நாள் இட்லியும் பொடியும். சில நாள் சப்பாத்திச் சுருள். சில நாள் கொண்டைக்கடலைச் சுண்டலும் இரண்டு வாழைப்பழமும். தனிப்பயிற்சி வகுப்பிற்குச் செல்லுமுன், வெளிச்சம் இருக்கும்போதே உண்டுவிடுவான். வேறு எவ்வகை அறிவுரையும் கூறாமலே, அடுத்த வாரத் தாளில் 6 என்பது 2 ஆகக் குறைந்தது. பசிக்குக் கொடுக்க வேண்டியது உணவு, உபதேசம் அன்று.

பழக்கம் வேரூன்றும் வகை

எஞ்சிய இரண்டும், தொலைக்காட்சி முன் தின்ற மூன்றும் பசியினால் விளைந்தவை அல்ல. இவை பழக்கம்.

பழக்கத்திற்கு உறுப்புகள் மூன்று: ஒரு தூண்டல், ஒரு செயல், ஒரு மகிழ்ச்சி. குறித்த நேரம், குறித்த கடை, குறித்த நண்பர் ஆகியவை தூண்டல். வாங்கித் தின்பது செயல். உப்பும் கொழுப்பும் சேர்ந்த சுவையும், நண்பருடன் சிரித்து நிற்பதும் மகிழ்ச்சி. மகிழ்ச்சி தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதைத்தான் உளவியலார் தார்ண்டைக் 'விளைவு விதி' என்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் யாவரும் இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பர். சில மாதம் இவ்வாறு நடந்தபின், தூண்டலைக் கண்டவுடன் கை தானே செல்கிறது. அந்நேரத்தில் பிள்ளை 'தின்போம்' என்று முடிவு செய்வதே இல்லை. முடிவு செய்யாத ஒன்றை 'ஏன் செய்தாய்?' என்று நாம் கேட்டால் அவனுக்கு விடை தெரியாது.

மேலும், இளம்பருவத்தில் மூளையின் இன்பம் நாடும் பகுதிகள் முன்னரே விழித்துக்கொள்கின்றன. முன்னும் பின்னும் எண்ணித் தடுக்கும் முன்மூளைப் பகுதி முழு முதிர்ச்சி அடைய 25 வயதை ஒட்டிய காலம் ஆகிறது. தேர்வுக்காக இரவு விழித்து உறக்கம் குறைந்த நாளில் தீனி வேட்கை மேலும் கூடுகிறது. ஆகவே, கண்முன் பண்டத்தை வைத்துக்கொண்டு 'மனத்தை அடக்கு' என்று சொல்வது, நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து பாடம் சொல்வதை ஒக்கும்.

அமெரிக்க நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், 1960களின் இறுதியிலிருந்து வால்டர் மிஷல் என்னும் உளவியலார் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையிடம், 'இப்போதே வேண்டுமாயின் சிறிது கிடைக்கும். காத்திருந்தால் விரும்பியது கிடைக்கும்' என்று சொல்லித் தனியே அமர்த்தினார். பண்டம் கண்முன் இருந்தபோது குழந்தைகளால் நெடுநேரம் காத்திருக்க இயலவில்லை. பண்டத்தை மறைத்து வைத்தபோதும், குழந்தைகள் தாமே வேறுபக்கம் திரும்பிப் பாடியும் விளையாடியும் இருந்தபோதும் மிகுதியான நேரம் காத்திருந்தனர். அன்று காத்திருந்த குழந்தையே பிற்காலத்தில் வெற்றி பெறுவான் என்று பலர் இச்சோதனையைப் பெரிதாக்கிக் கூறினர். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய மறு ஆய்வு, குடும்பச் சூழலையும் கணக்கில் கொண்டால் அத்தொடர்பு பெரிதும் மங்கிவிடுகிறது என்று காட்டியது. ஆயின் நமக்கு வேண்டிய பாடம் அப்படியே நிற்கிறது: ஆசையுடன் போர் புரிபவனைவிட, ஆசை எழும் இடத்தைவிட்டு விலகி நடப்பவனுக்கு அடக்கம் எளிது. பேரன் கடைவாயிலைத் தவிர்த்து நூலகத் தெரு வழியாகச் செல்லத் தொடங்கினான். நண்பர் இருவரையும் அவனே உடன் அழைத்துக்கொண்டான், நட்புக்குக் குறைவில்லை.

தடையும் நியமமும்

இனி இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணத்தையும் விளக்குகிறது. ஒருமுறை துய்த்துத் தீர்வது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம், ஆடை அத்தகையது. இவற்றிற்குத் தானே ஓர் அளவு வகுத்துக்கொள்வது இவ்விரதம். அவ்வளவும் இருவகைப்படும். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையுடன் ஏற்பது நியமம். இன்றைக்கு மட்டும், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், இரு மாதம் கொண்ட ஒரு பருவம், ஆறு மாதம் கொண்ட ஓர் அயனம் என நியமத்திற்குக் காலங்களும் கூறப்பட்டுள்ளன.

இதனைப் பலமுறை படித்திருந்தும், இதனுள் ஒரு சிறந்த கற்பித்தல் முறை இருப்பதை அப்பொங்கலுக்குப் பின்னரே கண்டோம். இளையவனிடம் 'இனி எக்காலத்தும் தொடாதே' என்றால், அவன் மலைத்துப்போவான்; அல்லது நம்மை ஏய்ப்பான். 'எதனை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று நீயே சொல்' என்றால், அவன் சிந்திக்கத் தொடங்குவான். தடை பிறர் இடுவது. அதனை மீறுவதில் இளம்பருவத்தினர் ஒரு வீரத்தைக் காண்பர். நியமம் தானே ஏற்பது. அதனைக் காப்பதில் அதே வீரம் பயன்படும்.

பேரன் வகுத்துக்கொண்ட நியமம் இது: பொட்டலத் தீனி வாரத்திற்கு ஒன்று, ஞாயிறன்று மட்டும், கிண்ணத்தில் கொட்டி, எல்லோருடனும் அமர்ந்து, தொலைக்காட்சி இல்லாமல். காலம் இரண்டு மாதம். எமக்கு 'வாரம் ஒன்று எதற்கு? முற்றும் விட்டால் என்ன?' என்று சொல்ல நா துடித்தது. அடக்கிக்கொண்டோம். அவன் உடனே ஒரு வினாத் தொடுத்தான்.

"சரி பாட்டி, நீங்க எதை விடப்போறீங்க?"

மாலைக் காப்பியுடன் ஒரு கை மிக்சர் எமக்கு நாற்பதாண்டுப் பழக்கம். அதனையும் ஞாயிறு ஒரு நாளுக்குச் சுருக்கினோம். முதல் வாரத்தில் நான்கு மணி ஆனதும் எம் கை அலமாரியை நோக்கித் தானே நீண்டபோதுதான், அப்பிள்ளையிடம் எத்துணை எளிதாக 'விட்டுவிடு' என்று சொல்லியிருந்தோம் என்பது விளங்கிற்று.

ஒன்பதாம் நாள், நண்பன் ஒருவனின் பிறந்தநாளில் பேரன் நியமம் தவறினான். வீட்டிற்கு வந்ததும், செருப்பைக் கழற்றுமுன்பே, "பாட்டி, இன்னைக்குச் சாப்பிட்டுட்டேன்" என்றான். தின்றதற்காக வருந்துவதா, சொன்னதற்காக மகிழ்வதா என்று கணமும் ஐயுறவில்லை. 'சொன்னாயே, அது போதும். நாளை முதல் தொடர்' என்றோம்.

இங்கு எம் பழைய பாடம் ஒன்றையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், புதிய பழக்கம் உறுதிப்படும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் தரலாகாது என்று வற்புறுத்தினார். எம் குறிப்பேட்டில் அதனைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தோம். மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்தோம். இலண்டன் பல்கலைக்கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியோரும் 96 பேரைக்கொண்டு செய்து 2010இல் அச்சில் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கூறுகிறது. ஒரு புதிய செயல் தானே நிகழும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஒரு பருவ நியமத்திற்குரிய இரண்டு மாதமும் இந்த 66 நாளும் அண்மையில் இருப்பதைக் கண்டு வியந்தோம். இதைக்கொண்டு முன்னோர் ஆய்வை முன்பே அறிந்திருந்தனர் என்று பெருமை பேச வேண்டா. ஒரு வாரத்தில் பலன் காணவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத பொறுமை நமக்கு வந்தால் போதும்.

உறையைப் படிக்கக் கற்றல்

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உறையின் பின்புறத்தையும் படிக்கத் தெரிதல் வேண்டும். கணக்கு மிக எளிது.

சர்க்கரை: நான்கு கிராம் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இனிப்பூட்டிய குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை உள்ளது. 250 மில்லிப் புட்டியில் 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை நாள் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும்; 2000 கிலோகலோரி உணவில் அது 50 கிராம். இதனை வாயால் சொல்லாதீர்கள். ஒரு டம்ளரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையை இட்டுப் பிள்ளையின் முன் வையுங்கள், அது போதும்.

உப்பு: உறையில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதனை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். வளர்ந்தோருக்கே நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, மேல் எல்லை. பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு.

கொழுப்பு: உருளைக்கிழங்கு வறுவலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு.

ஒரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். அளவுகள் பெரும்பாலும் 100 கிராமுக்கோ, ஒரு 'பரிமாறும் அளவுக்கோ' தரப்பட்டிருக்கும். கையில் உள்ள உறை முழுவதற்கும் எவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பது பிள்ளையின் வேலை.

பச்சைப் புள்ளி பற்றியும் ஒரு சொல். நம் இல்லங்களில் அப்புள்ளி இருந்தால் ஐயம் தீர்ந்ததாக வாங்கிவிடுகிறோம். அது புலால் கலவாதது என்பதற்கு அடையாளமே அன்றி உடலுக்கு நல்லது என்பதற்கு அடையாளம் அன்று. உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மிட்டாய்களில் இக்குறி பெரும்பாலும் இராது. அவற்றில் ஜெலட்டின் என்ற சொல்லோ 120 என்ற நிற எண்ணோ உள்ளதா என்று பாருங்கள். முன்னது விலங்கின் தோல், எலும்புகளிலிருந்தும், பின்னது ஒருவகைப் பூச்சியிலிருந்தும் பெறப்படுவது.

இளம்பருவத்தினர் அறிவுரையைவிடத் தன்மானத்திற்கு விரைந்து செவிசாய்ப்பர். அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு மாணவரிடையே நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு உடல்நலம் பற்றிய வழக்கமான பாடமும், மற்றொரு சாராருக்கு, மிகுதியாக உண்ணத் தூண்டும்படி நிறுவனங்கள் பண்டங்களை எவ்வாறு வடிவமைத்து விளம்பரம் செய்கின்றன என்ற செய்தியும் தரப்பட்டன. மறுநாள் தின்பண்டம் தேர்ந்தெடுக்க வாய்ப்பளித்தபோது, பின்னவரே நலந்தரும் பண்டங்களைக் கூடுதலாகத் தேர்ந்தனர். 'உன் நன்மைக்குச் சொல்கிறேன்' என்பதைவிட 'உன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்' என்பது அவர்கள் உள்ளத்தைத் தொடுகிறது.

இல்லத்தார் கவனிக்க வேண்டுவன

1. பள்ளி விட்டபின் உண்ண உணவு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சுண்டல், பொரிகடலை, அவல், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம், மோர் ஆகியன எளியவை. முறுக்கும் தட்டையும் வீட்டில் செய்தவை ஆயினும் எண்ணெயில் பொரித்தவையே. வெல்லமும் சர்க்கரையின் உறவே. வீட்டில் செய்தது என்பதால் அளவு தேவையில்லை என்று எண்ண வேண்டா.

2. வாங்கி வைத்துவிட்டுத் தின்னாதே என்று சொல்வதைவிட, வாங்காமல் இருப்பது நன்று. தேர்வில் மதிப்பெண் பெற்றதற்குத் தீனியைப் பரிசாகவும், பிழை செய்ததற்கு உணவு மறுப்பைத் தண்டனையாகவும் ஆக்குதல் கூடாது.

3. நண்பர் வற்புறுத்தும்போது சொல்ல ஒரு சொற்றொடர் பிள்ளையின் வாயில் ஆயத்தமாக இருக்க வேண்டும். "இன்னைக்கு வேணாம்டா, ஞாயித்துக்கிழமை சாப்பிடுவேன்" என்பது எம் பேரனுடையது. 'விரதம்' என்று விளக்கம் சொல்லிக் கேலிக்கு ஆளாக வேண்டிய தேவை அவனுக்கு நேரவில்லை.

4. பள்ளியையும் துணைக்கொள்ளுங்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிற்குள்ளும் விற்றலாகாது என்று 2020இல் இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு விதி வகுத்துள்ளது. பெற்றோர் கூட்டத்தில் இதனை நினைவூட்டலாம்.

5. பிள்ளையின் உடற்பருமனைக் குறித்துக் கேலி பேசாதீர்கள். பெண்பிள்ளைகளிடம் இதில் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். வளரும் வயதில் வேளை உணவைக் குறைப்பது அடக்கம் ஆகாது. மறைவில் மிகுதியாக உண்பதோ, உண்ணவே மறுப்பதோ தொடர்ந்து காணப்பட்டால், அது கண்டிப்பால் தீர்வது அன்று; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சி

பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து செய்க.

அ. ஒரு வாரத்திற்கு நான்கு பத்திக் கணக்கு எழுதுக. பெரியோரும் எழுதுதல் வேண்டும்.

ஆ. தின்றவற்றுள் பசியால் தின்றவை எத்தனை, பழக்கத்தால் தின்றவை எத்தனை என்று பிரித்துக் காண்க.

இ. வீட்டில் உள்ள ஏதேனும் ஓர் உறையை எடுத்து, முழு உறையிலும் உள்ள சர்க்கரையைத் தேக்கரண்டியிலும் உப்பைக் கிராமிலும் கணக்கிடுக.

ஈ. ஒவ்வொருவரும் ஒரு நியமம் வகுத்துக்கொள்க. பொருள், அளவு, காலம் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். பிறருக்காக வகுத்தல் கூடாது.

உ. தவறிய நாளில் யாரிடம் சொல்வது என்று முன்னரே முடிவு செய்க. கேட்பவர் கடிந்துகொள்ளாமை அவருடைய நியமம்.

எம் பேரன் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். தீனியை முற்றும் துறந்துவிட்டான் என்று எழுதினால் அது எம் நாவிற்குப் பிழையாகும். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, நாங்கள் கேளாமலே, "நேத்து ராத்திரி படிக்கும்போது ரெண்டு பாக்கெட் காலி பண்ணிட்டேன் பாட்டி. நாளையிலிருந்து மறுபடி ஒரு மாச நியமம்" என்றான். "சரி கண்ணா, எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றோம். சிரித்துக்கொண்டே, காப்பியில் அரைக்கரண்டிச் சர்க்கரை குறைக்கச் சொன்னான்.

23 உறைகளை மறைத்த பிள்ளை, 2 உறைகளைத் தானே கூறினான். குறைத்த அரைக்கரண்டி எமக்கு இன்னும் பழகவில்லை. நியமத்தில் பன்னிரண்டு நாள் ஆயிற்று.